பாலுக்கு எத்தனை நாள் ஆயுள்? யூரோ நாடுகளின் சீர்திருத்தக் கதை

2015 ஜூலை 12, ஞாயிற்றுக்கிழமை. அப்போது யூரோ நாணயத்தைப் புழங்கிய 19 நாடுகளின் தலைவர்கள் பிரஸ்ஸல்ஸில் மாலை நேரத்தில் பேச உட்கார்ந்தார்கள். எழுந்தபோது திங்கட்கிழமை விடிந்திருந்தது. ஏறத்தாழ 17 மணி நேரம். கிரீஸ் யூரோவுக்குள் இருக்குமா, வெளியேறுமா என்பதுதான் அன்றைய கேள்வி. கடைசியில் வெளியான அறிக்கையில் வரி, ஓய்வூதியம், அரசுச் சொத்து விற்பனை எல்லாம் இருந்தன. அவற்றோடு, கிரீஸ் உடனே திருத்தவேண்டியவை என்று இன்னொரு பட்டியலும் இருந்தது: ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பது, தள்ளுபடி விற்பனைக் காலம், மருந்துக்கடைக்கு யார் உரிமையாளராக இருக்கலாம் என்பது, பேக்கரி, பால்.

ஆமாம், பால். ஜெர்மன் சான்சலர் மெர்க்கலும் பிரெஞ்சு அதிபர் ஒல்லாந்தும் ராத்தூக்கம் கெட்டுப் பேசி முடித்த ஒப்பந்தத்தில் கிரேக்கப் பாலுக்கு என்ன வேலை?

அதற்கு முன் கிரேக்கச் சட்டப்படி 'புதிய பால்' என்று லேபிள் ஒட்டவேண்டுமானால் அதன் ஆயுள் 5 நாளாகத்தான் இருந்தது. கேட்க நல்ல விதியாகத்தான் இருக்கிறது. ஆனால் வடக்கே தொலைவிலுள்ள நாடுகளிலிருந்து லாரியில் வரும் பால் கடையைச் சேர்வதற்குள் அந்த ஐந்து நாளில் பெரும்பகுதி கரைந்துவிடும். அதனால் அந்த விதி உள்ளூர்ப் பண்ணைகளுக்கும் பால் கம்பெனிகளுக்கும் வேலியாக நின்றது. வேலிக்கான செலவைக் கொடுத்தவர் பால் வாங்கியவர். 2014-ல் இந்த ஆயுளை 7 நாளாக நீட்ட அரசு முயன்றபோது பண்ணைக்காரர்கள் கொதித்தார்கள். விவசாயத் துணை அமைச்சர் இதற்காகவே பதவி விலகினார். இரண்டு நாள் கூடுதல் ஆயுளுக்கு இவ்வளவு ரகளை.

'கட்டமைப்புச் சீர்திருத்தம்' என்று பொருளாதாரப் பக்கங்களில் கனமாக எழுதப்படும் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பவை பெரும்பாலும் இப்படிப்பட்டவைதான். டாக்ஸி உரிமம் யாருக்கு, ஆளை வேலையை விட்டு நீக்கினால் எத்தனை நாள் சம்பளம் இழப்பீடு, எந்த வயதில் ஓய்வு, ஒரு சிவில் வழக்கு முடிய எத்தனை வருடம். பட்ஜெட்டில் எவ்வளவு செலவு செய்கிறோம் என்பதைப் பற்றியவை அல்ல இவை. நாட்டுக்குள் வேலையும் வியாபாரமும் எந்த விதிகளின்படி நடக்கின்றன என்பதைப் பற்றியவை. எல்லா நாட்டுக்கும் இது பொதுவான தலைவலிதான். ஆனால் ஒரே நாணயத்தைப் பகிர்ந்துகொள்ளும் நாடுகளுக்கு இது ஏன் உயிர்ப் பிரச்சினை ஆகிறது என்பதற்குத் தனிக் காரணம் உண்டு.

சொந்த நாணயம் வைத்திருக்கும் நாட்டில் பொருள்கள் விலையேறி, வெளிநாட்டில் விற்க முடியாமல் போனால் ஒரு குறுக்குவழி இருக்கிறது: நாணயத்தின் மதிப்பை இறக்கிவிடலாம். இத்தாலி இதில் கைதேர்ந்த நாடு. 1992 செப்டம்பரில், ஐரோப்பிய நாணயங்களின் மதிப்பை ஒன்றோடொன்று கட்டிவைத்திருந்த மாற்றுவிகித ஏற்பாட்டிலிருந்து இத்தாலிய நாணயமான லிரா வெளியேறிச் சரிந்தது. இத்தாலியச் சரக்கு வெளிநாட்டுக்காரர்களுக்கு மலிவானது, ஏற்றுமதி ஏறியது. ஆலையில் யாருடைய சம்பளத்தையும் குறைக்கவில்லை. சம்பளச் சீட்டில் அதே எண்தான், அந்த எண் வாங்கும் பொருள்தான் குறைந்தது. இலங்கை வாசகர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்ட பிறகு இரண்டு மாதத்தில் டாலர் 200 ரூபாயிலிருந்து 360-ஐத் தொட்டது. யாரும் நாடாளுமன்றத்தில் 'மக்களின் வருமானத்தைக் குறைக்கும் மசோதா' என்று கொண்டுவரவில்லை. ஆனால் எல்லார் வீட்டு அரிசிப் பானையிலும் அது தெரிந்தது.

மதிப்பிறக்கம் கொடூரமானதுதான். ஆனால் அதற்கு விலாசம் கிடையாது. மழை மாதிரி எல்லார் கூரையிலும் விழும், திட்டவேண்டுமானால் வானத்தைத்தான் திட்டவேண்டும். 1999-ல் 11 நாடுகள் யூரோவில் சேர்ந்தபோது, 2001-ல் கிரீஸ் தன் பழைய நாணயமான டிராக்மாவை ஒரு யூரோவுக்கு 340.75 என்ற விகிதத்தில் மாற்றிக்கொண்டு உள்ளே வந்தபோது, இந்தக் கருவியைத்தான் கையிலிருந்து கீழே வைத்தார்கள். இனி விலையேறிய நாடு மலிவாக வேண்டுமானால் உள்ளூரிலேயே கூலியும் விலையும் இறங்க வேண்டும், இல்லையென்றால் அதே கூலிக்குக் கூடுதலாக உற்பத்தி செய்யக் கற்க வேண்டும். இரண்டுக்கும் விதிகளை மாற்றியாக வேண்டும். அப்போது வலி பெயரும் விலாசமும் எழுதிய பதிவுத் தபாலாக வருகிறது. டாக்ஸி ஓட்டுநருக்கு ஒன்று, மருந்துக்கடைக்காரருக்கு ஒன்று, 58 வயதில் ஓய்வுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தவருக்கு ஒன்று. வாங்கியவர் யாரைத் திட்டவேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

லக்சம்பர்க் பிரதமராக இருந்த ழான்-குளோட் யுங்கர் சொன்னதாக ஒரு வாசகம் நெடுங்காலமாகச் சுற்றுகிறது: என்ன செய்யவேண்டும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும், செய்த பிறகு மறுபடி எப்படி ஜெயிப்பது என்றுதான் தெரியவில்லை.

யூரோ வந்த முதல் பத்தாண்டில் இதைப் பற்றிக் கவலைப்படவே யாருக்கும் தோன்றவில்லை. காரணம் வட்டி. டிராக்மா காலத்தில் இரட்டை இலக்கத்தில் வட்டி கட்டிய கிரீஸ், 2000-களின் நடுவில் ஜெர்மனியைவிட அரை சதவீதத்துக்கும் குறைவாகவே கூடுதல் வட்டி கொடுத்துக் கடன் வாங்கியது. சந்தைக்கு ஏதென்ஸும் பெர்லினும் ஒன்றாகத் தெரிந்த காலம். ஐரோப்பிய மத்திய வங்கி 2003 ஜூனிலிருந்து 2005 டிசம்பர் வரை வட்டியை 2 சதவீதத்தில் வைத்திருந்தது. மந்தமாகக் கிடந்த ஜெர்மனிக்கு அது பொருத்தம். வீடு கட்டிக்கொண்டே போன ஸ்பெயினுக்கும் அயர்லாந்துக்கும் அது எரிகிற அடுப்பில் நெய். பணம் இப்படிக் கொட்டும்போது எந்த அமைச்சர் போய் லாரிக்காரர்களோடு வம்பு வளர்ப்பார்?

வம்பு வளர்த்தவர் ஒருவர் இருந்தார். அவர் வடக்கே இருந்தார்.

2003 மார்ச் 14 அன்று ஜெர்மன் சான்சலர் கெர்ஹார்ட் ஷ்ரோடர் நாடாளுமன்றத்தில் 'அஜெண்டா 2010' திட்டத்தை அறிவித்தார். 'ஐரோப்பாவின் நோயாளி' என்று அப்போது பெயரெடுத்திருந்த நாடு ஜெர்மனி. அந்தத் திட்டத்தின் மையப் பகுதிக்கு ஃபோக்ஸ்வாகன் கார் நிறுவனத்தின் பணியாளர் துறைத் தலைவராக இருந்த பீட்டர் ஹார்ட்ஸின் பெயர் ஒட்டிக்கொண்டது: ஹார்ட்ஸ் சீர்திருத்தங்கள். நான்காவதான 'ஹார்ட்ஸ் நான்கு' 2005 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன், நீண்டகாலம் வேலை இல்லாமலிருந்தவருக்குப் பழைய சம்பளத்தை அடிப்படையாக வைத்து உதவித்தொகை தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. இப்போது பெரும்பாலோருக்கு ஓராண்டு முடிந்ததும், முன்பு என்ன சம்பளம் வாங்கியிருந்தாலும் சரி, மேற்கு ஜெர்மனியில் மாதம் 345 யூரோ, அதோடு வீட்டு வாடகை. சேமிப்பைக் காட்டவேண்டும், தரும் வேலையை ஏற்கவேண்டும். முப்பது வருடம் ஆலையில் வேலை பார்த்தவரும், ஒருநாளும் வேலைக்குப் போகாதவரும் ஒரே வரிசையில். அந்த அவமானம்தான் பணக் குறைப்பைவிட அதிகம் புண்படுத்தியது என்று நினைக்கிறேன். லைப்சிக், மாக்டெபுர்க் போன்ற கிழக்கு நகரங்களில் 2004-ல் திங்கள்தோறும் ஊர்வலம் நடந்தது.

அந்த 2005 ஜனவரியில் வேலையற்றோர் எண்ணிக்கை 50 லட்சத்தைத் தாண்டியது. மே மாதம், 39 ஆண்டுகள் தன் கையில் இருந்த நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தை ஷ்ரோடரின் கட்சி இழந்தது. செப்டம்பர் தேர்தலுக்குப் பின் சான்சலர் பதவியும் போனது. அப்புறம் வேலையின்மை இறங்கி, பத்தாண்டு முடிவில் 30 லட்சத்தை ஒட்டி வந்து, அதற்குப் பின்னும் இறங்கியது. பலனை அறுத்தவர் மெர்க்கல். இந்த முன்னேற்றத்தில் ஹார்ட்ஸுக்கு எவ்வளவு பங்கு, தொழிற்சங்கங்கள் தாமாகவே கூலி உயர்வை அடக்கி வைத்ததற்கு எவ்வளவு பங்கு என்று பொருளாதார அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அரசியல்வாதிகளுக்கு அந்தச் சந்தேகம் இல்லை. பெர்லின் எடுத்துக்கொண்ட பாடம் எளிமையானது: நாங்கள் கசப்பு மருந்து குடித்தோம், குணமானோம், நீங்களும் குடியுங்கள்.

இந்தக் கதையில் விட்டுப்போன பக்கங்கள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. முதல் பக்கம்: ஜெர்மனி மருந்து குடித்தபோது பத்தியம் இருக்கவில்லை. அரசின் பட்ஜெட் பற்றாக்குறை ஜிடிபியில், அதாவது நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தி மதிப்பில், 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது யூரோ நாடுகளின் பொது விதி. அதை வற்புறுத்தி எழுத வைத்ததே ஜெர்மனிதான். அதே ஜெர்மனி 2002 முதல் 2005 வரை ஒவ்வோர் ஆண்டும் அதை மீறியது. 2003 நவம்பரில் ஜெர்மனி, பிரான்ஸ் மீதான நடவடிக்கையை நிதியமைச்சர்கள் கூடி நிறுத்திவைத்தார்கள். ஒரே நேரத்தில் உதவித்தொகையையும் குறைத்து, பட்ஜெட்டையும் வெட்டினால் நாடு தாங்காது என்று ஷ்ரோடர் வாதிட்டார். நியாயமான வாதம். ஏழு வருடம் கழித்து ஏதென்ஸிலிருந்து அதே வாதம் வந்தபோது காது கொடுக்க ஆளில்லை.

இரண்டாவது, ஜெர்மனி கூலியை அடக்கிய காலத்தில் தெற்கே விருந்து நடந்துகொண்டிருந்தது. ஸ்பெயினும் கிரீஸும் கடன் வாங்கி ஜெர்மன் காரும் எந்திரமும் வாங்கின. உள்ளூரில் விற்காததை வெளியே விற்க இடம் இருந்தது. 2010-க்குப் பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் வயிற்றைக் கட்டினால் யார் யாரிடம் விற்பது? மூன்றாவது, அஜெண்டா 2010 ஜெர்மன் அரசே வகுத்து, தன் பெயரில் தேர்தலில் போய் உதை வாங்கிய திட்டம். வெளியாட்கள் கொண்டுவந்து கொடுத்த தாள் அல்ல.

கிரீஸுக்கு வந்தது அப்படிப்பட்ட தாள்தான். 2009 அக்டோபரில் பதவிக்கு வந்த பாப்பாண்ட்ரூ அரசு, அதுவரை சொல்லப்பட்ட பற்றாக்குறைக் கணக்கு பொய் என்று போட்டு உடைத்தது. திருத்தித் திருத்தி அது கடைசியில் ஜிடிபியில் 15 சதவீதத்துக்கு மேல் போய் நின்றது. 2010 மே மாதம் 11,000 கோடி யூரோ கடன், 2012-ல் 13,000 கோடி யூரோ அளவில் இரண்டாவது, 2015-ல் 8,600 கோடி வரை மூன்றாவது. ஒவ்வொன்றோடும் நிபந்தனைப் புத்தகம். ஐரோப்பிய ஆணையம், ஐரோப்பிய மத்திய வங்கி, ஐ.எம்.எஃப் (சர்வதேச நாணய நிதியம்) மூன்றையும் சேர்த்து மக்கள் 'ட்ராய்கா' என்றார்கள். அதன் அதிகாரிகள் தவணைதோறும் வந்து எது முடிந்தது, எது முடியவில்லை என்று டிக் அடித்துப் போனார்கள்.

சீர்திருத்தமே தேவையில்லை என்ற நாடல்ல கிரீஸ். லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். வாடகைக்குச் சரக்கு ஏற்றும் லாரிகளுக்குப் பல பத்தாண்டுகளாகப் புது உரிமம் கொடுப்பதில்லை. ஆகவே இருக்கும் உரிமம் நிலப் பத்திரம் மாதிரி பெருந்தொகைக்குக் கைமாறியது. சரக்குக் கூலி ஏறியது, அது தக்காளி விலையிலும் ஏறியது. 2010 கோடையில் உரிமத்தைத் திறந்துவிட அரசு கிளம்பியதும் லாரிகள் நின்றன. சுற்றுலாப் பருவத்தின் உச்சத்தில் பெட்ரோல் பங்குகள் வறண்டன. அவசரகாலச் சட்டத்தின்கீழ் ஓட்டுநர்களை வேலைக்குத் திரும்ப உத்தரவிட வேண்டியிருந்தது. விதி அபத்தமானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் முந்தின வருடம்தான் கடன் வாங்கி, ஓய்வுகாலச் சேமிப்பையும் போட்டு உரிமம் வாங்கிய ஓட்டுநரின் இடத்திலிருந்து பாருங்கள். விதியை வகுத்தது அவர் இல்லை. ஒரே நாளில் அவர் கையிலிருந்த பத்திரம் வெறும் காகிதமாகிறது. விலாசம் எழுதிய தபால் என்றேனே, அது இதுதான்.

இதில் ட்ராய்கா செய்த பெரிய பிழை வரிசையில் இருந்தது. கூலியைக் குறைப்பது சுலபம், ஒரு சட்டம் போதும். 2012 பிப்ரவரியில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 751 யூரோவிலிருந்து 586 ஆனது, 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 511. ஆனால் பால், மருந்து, சரக்குப் போக்குவரத்து என்று ஒவ்வொரு வேலிக்கும் பின்னால் அமைப்பும் வழக்கறிஞரும் எம்.பி.க்களும் இருந்தார்கள். அந்த வேலிகள் மெதுவாகத்தான் சாய்ந்தன, சில சாயவே இல்லை. போதாததற்கு 2010-ல் மட்டும் மதிப்புக் கூட்டு வரி 19-லிருந்து 23 சதவீதமானது. விளைவு, சம்பளம் இறங்கியது, கடையில் விலை இறங்கவில்லை. லிரா சரிந்தபோது இத்தாலிக்குக் கிடைத்த ஏற்றுமதி லாபம் இங்கே வராமல், மதிப்பிறக்கத்தின் வலி மட்டும் வந்து சேர்ந்தது. முதலில் வேலியைச் சாய்த்து விலையை இறக்கியிருந்தால், அதன்பின் வந்த கூலிக் குறைப்பு இவ்வளவு சுட்டிருக்காது.

கணக்கிலும் பிழை இருந்தது. அரசு ஒரு யூரோ செலவைக் குறைத்தால் பொருளாதாரம் அரை யூரோ அளவுக்குத்தான் சுருங்கும் என்று வைத்து முன்கணிப்புகளைப் போட்டிருந்தார்கள். நெருக்கடிக் காலத்தில் உண்மையில் அது 0.9 முதல் 1.7 வரை இருந்தது என்று ஐ.எம்.எஃப்-பின் தலைமைப் பொருளாதார அறிஞர் ஒலிவியே பிளாஞ்சாரும் அவருடைய சக அறிஞர் ஒருவரும் கண்டு சொன்னார்கள். முதல் கிரேக்கத் திட்டத்தில் குறிப்பிடத்தக்க தோல்விகள் இருந்தன என்று 2013-ல் அந்த நிறுவனமே எழுத்தில் ஒப்புக்கொண்டது. அதற்குள் நாட்டின் ஜிடிபியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது. வேலையின்மை 27 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. கடனை ஜிடிபியால் வகுக்கும் கணக்கில் கீழ் எண்ணான ஜிடிபி சுருங்கியதால், கடன் கொடுத்த தனியார் 2012-ல் முகமதிப்பில் பாதிக்கு மேல் விட்டுக்கொடுத்தும்கூட, கடன் ஜிடிபி விகிதம் 2018-ல் திட்டம் முடிந்தபோது 2009-ல் இருந்ததைவிட அதிகமாக இருந்தது.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஆளை நீக்குவதை எளிதாக்கினால் கம்பெனிகள் பயமில்லாமல் ஆள் எடுக்கும் என்பது பாடப்புத்தகம் சொல்வது. வியாபாரம் வளரும்போது அது நடக்கலாம். வியாபாரம் படுத்துக் கிடக்கும்போது கம்பெனிகள் அந்த விதியின் முதல் பாதியை மட்டும் பயன்படுத்தும்.

அயர்லாந்தும் போர்ச்சுகலும் தங்கள் திட்டங்களை 2013, 2014-ல் முடித்துக்கொண்டு வெளியே வந்தன. அயர்லாந்துக்கு ஏற்றுமதித் தொழில் ஏற்கெனவே பலமாக இருந்தது. அதன் நோய் வங்கி நோய். அதை கிரீஸோடு ஒப்பிட்டு 'பார், அவன் நல்ல பிள்ளை' என்று சொன்னது அநியாயம்.

இத்தாலி எந்தத் திட்டத்திலும் சேரவில்லை. அதற்கு வந்தது நிஜமான கடிதம். 2011 ஆகஸ்ட் 5 தேதியிட்டு, ஐரோப்பிய மத்திய வங்கித் தலைவர் த்ரிஷேவும் அடுத்துப் பதவியேற்க இருந்த மாரியோ டிராகியும் கையெழுத்திட்டுப் பிரதமர் பெர்லுஸ்கோனிக்கு ரகசியமாக அனுப்பியது. உள்ளாட்சிச் சேவைகளில் போட்டியை அனுமதியுங்கள், கூலிப் பேச்சுவார்த்தை முறையை மாற்றுங்கள், ஓய்வூதியத்தைத் திருத்துங்கள் என்று அதில் இருந்தது. செப்டம்பர் கடைசியில் ஒரு நாளிதழ் அதை முழுதாக அச்சிட்டுவிட்டது. யாரும் ஓட்டுப் போடாத ஒரு வங்கி, ஓட்டு வாங்கிய அரசுக்குச் சட்டம் இயற்றச் சொல்லலாமா என்ற கேள்வி அன்று எழுந்தது, இன்னும் உட்காரவில்லை. நவம்பரில் பெர்லுஸ்கோனி போய் மாரியோ மோண்டி வந்தார். டிசம்பர் 4 அன்று ஓய்வு வயதை உயர்த்தும் திட்டத்தை விளக்க வந்த அமைச்சர் எல்ஸா ஃபொர்னேரோ, 'தியாகம்' என்ற சொல்லுக்கு வந்ததும் அழுதுவிட்டார், வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. பழைய விதியை நம்பி வேலையை விட்டுவிட்டு, புது விதிப்படி ஓய்வூதியமும் இல்லாமல் நடுவில் மாட்டியவர்களுக்கு இத்தாலிய மொழியில் தனிச் சொல்லே பிறந்தது: 'எசோதாத்தி'. முதலில் 65,000 பேர் என்றது அரசு. எண்ணிக்கை அதோடு நிற்கவில்லை. 2018-ல் வேறொரு கூட்டணி ஆட்சிக்கு வந்து, 2019-ல், 62 வயதில் 38 வருடச் சந்தா இருந்தால் போகலாம் என்று கதவை மறுபடி கொஞ்சம் திறந்துவிட்டது.

நெருக்கடியைத் தணித்தது இந்தச் சீர்திருத்தங்கள் எதுவும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2012 ஜூலையில் ஸ்பெயினின் பத்தாண்டுக் கடன் வட்டி 7 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் ராஹோய் அரசு தொழிலாளர் சட்டத்தைத் தளர்த்தி, நியாயமற்ற பணிநீக்கத்துக்கான இழப்பீட்டை வருடத்துக்கு 45 நாள் சம்பளத்திலிருந்து 33 நாளாகக் குறைத்திருந்தது. சந்தை கண்டுகொள்ளவில்லை. ஜூலை 26 அன்று லண்டனில் டிராகி, யூரோவைக் காக்க எங்கள் அதிகாரத்துக்குள் என்ன வேண்டுமானாலும் செய்வோம், நம்புங்கள், அது போதுமானதாக இருக்கும் என்றார். வட்டி இறங்கத் தொடங்கியது. ஒரு பேச்சு. அதற்குப் பிறகு, 'வட்டி இறங்கிவிட்டால் இவர்கள் சீர்திருத்தத்தை மறந்துவிடுவார்கள்' என்று வடக்கே முணுமுணுத்தார்கள். அதிலும் உண்மை இல்லாமலில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஆணையம் ஒவ்வொரு நாட்டுக்கும் பரிந்துரைப் பட்டியல் அனுப்பும், நாடுகள் நன்றி சொல்லி அலமாரியில் வைக்கும்.

2020-ல் கோவிட் வந்தபோது முறை மாறியது. கடன் கொடுத்து நிபந்தனை போடும் பழைய வழிக்குப் பதில், ஐரோப்பிய ஒன்றியமே சந்தையில் பொதுக் கடன் வாங்கி 75,000 கோடி யூரோ நிதி திரட்ட முடிவானது. அதில் பெரும் பங்கு மானியம். எந்தச் சீர்திருத்தம், எந்தத் தேதிக்குள் என்று நாடே எழுதிக்கொடுக்கும். முடித்துக் காட்டினால் தவணை வரும். சிவில் வழக்குகள் முடியும் காலத்தை 2019-ஐவிட 40 சதவீதம் குறைப்பதாக இத்தாலி எழுதிக்கொடுத்தது. அந்த இலக்கில் யாருக்கும் கூலி குறையவில்லை, யார் உரிமமும் செல்லாக்காசாகவில்லை. இதை ஏன் 2010-ல் முதலில் கேட்கவில்லை என்று தோன்றும். வழக்கு இழுத்தடிப்பால் நின்றுபோகும் தொழில்கள் அன்றும் இருந்தனவே.

ஸ்பெயின் எழுதிக்கொடுத்ததில் முக்கியமானது தொழிலாளர் சட்டம். அங்கே நான்கு தொழிலாளர்களில் ஒருவர் தற்காலிக ஒப்பந்தத்தில் இருந்தார். மாதக் கணக்கில், சில நேரம் நாள் கணக்கில். நெருக்கடி வந்தால் முதலில் வெளியே போவது அவர்கள். 2008-க்குப் பின் வேலையின்மை அங்கே அவ்வளவு வேகமாக ஏறியதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தமுறை அரசு, தொழிற்சங்கம், முதலாளிகள் சங்கம் மூன்றும் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டன. தற்காலிக ஒப்பந்தங்களுக்குக் கடுமையான கட்டுப்பாடு, கூடவே 2012 தளர்வுகளில் சிலவற்றைத் திரும்ப இறுக்குவது. அந்த ஒப்பந்தம் 2022 பிப்ரவரி 3 அன்று நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. அரசுக்கு ஆதரவளிப்பதாகச் சொன்ன சிறுகட்சி ஒன்றின் இரண்டு உறுப்பினர்கள் கடைசி நேரத்தில் எதிர்த்து வாக்களித்தார்கள். மசோதா தோற்றிருக்க வேண்டும். ஆனால் வீட்டிலிருந்து கணினி வழியாக வாக்களித்த எதிர்க்கட்சி எம்.பி. ஒருவர் தவறான பொத்தானை அழுத்திவிட்டார். 175-க்கு 174.

அந்த எம்.பி. ஓடிவந்து பார்த்தும் வாக்கைத் திருத்த அனுமதி கிடைக்கவில்லை. கோடையில் 1,200 கோடி யூரோ தவணை ஸ்பெயினுக்கு வந்தது. ஓரிரு ஆண்டுகளில் தற்காலிக வேலையில் இருப்பவர் நான்கில் ஒருவர் என்பது ஏறத்தாழ ஆறில் ஒருவர் என்றானது. அவர்களில் ஒரு பகுதியினர் பருவத்துக்குப் பருவம் கூப்பிடப்படும் 'நிரந்தர' ஒப்பந்தத்துக்கு மாறியவர்கள்தான், இது வெறும் பெயர் மாற்றம் என்று சொல்பவர்களும் அங்கே உண்டு.